திடீர் வறட்சியை நேரத்தோடு கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வறட்சி என்றால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது என்ற நினைப்பில்தான் பழைய கணக்கீட்டு முறைகள் பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. திடீர் வறட்சி அப்படி வருவதில்லை. மூன்று நான்கு வாரத்தில் மண் காய்ந்து பயிர் வாடிவிடும். மாத அறிக்கை கைக்கு வரும்போது சேதம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். 2012-இல் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் நடந்தது இதுதான். மே மாதத் தொடக்கத்தில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லாத நிலங்கள் பல, ஜூலை முடிவதற்குள் கடும் வறட்சியில் இருந்தன.

தரவை இறக்கிக் கணக்குப் போடத் தெரியும், ஆனால் இந்த வகை வறட்சியை இப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் அநேகமாக ஒன்றேதான்: மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள், எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்று பார்ப்பதில்லை. கீழே உள்ள வரிசை முழுக்க அந்த வேகத்தைப் பிடிப்பதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 30 வருடத் தினசரித் தரவு வேண்டும். மழை, அதிகபட்ச மற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், சூரியக் கதிர்வீச்சு, மண் ஈரம். இந்த வருடம் வழக்கத்துக்கு மாறானதா என்று கேட்கப் போகிறோம், அதனால் வழக்கம் எது என்று சொல்ல நீண்ட தொடர் இல்லாமல் முடியாது. பத்து வருடத் தரவை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. பத்தில் இரண்டு வருடம் வறண்டிருந்தால் அவர்களுடைய "வழக்கம்" அப்படியே சாய்ந்துவிடும்.

எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், ஐரோப்பிய வானிலை மையம் கணினி மாதிரி கொண்டு உருவாக்கிய இ.ஆர்.ஏ.5-லேண்ட் தொடர் நல்ல தொடக்கம். உலகம் முழுக்க, 1950 முதல், மணிக்கு மணி, சுமார் 9 கி.மீ. கட்டங்களில் கிடைக்கிறது. மழைக்கு 1981 முதல் உள்ள சிர்ப்ஸ் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண் ஈரத்தை அளக்கும் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015-இல்தான் ஏவப்பட்டது, ஆகவே அது இன்றைய நிலையைப் பார்க்க உதவும், நீண்டகால வழக்கத்தைச் சொல்ல உதவாது.

கணினியில் பைத்தானோ ஆர் மொழியோ இருந்தால் வசதி. ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் எக்ஸெல் போதும், உண்மையில் முதல்முறை செய்கிறவர்கள் ஒரு கட்டத்தை எக்ஸெலில் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது, வரைபடத்தில் ஒளிந்துகொள்கிற பிழைகள் அங்கே கண்ணில் படும்.

2. தரவைத் தொடும் முன் வரையறையை எழுதி வையுங்கள்

இது சலிப்பான வேலைபோலத் தெரியும். தரவைப் பார்த்துவிட்டு வரையறையைத் தீர்மானித்தால், நாம் எதிர்பார்க்கிற வருடங்கள் எப்படியாவது பட்டியலில் வந்துவிடுகிற மாதிரி வரம்புகளை நகர்த்தத் தோன்றும். அதனால் முதலில் எழுதிவிடுங்கள்.

பரவலாகப் பயன்படும் ஒரு வரையறை இப்படிப் போகும். வேர் மண்டல மண் ஈரத்தின் ஐந்து நாள் சராசரி, அந்தக் காலகட்டத்துக்கான 40-வது பெர்சன்டைலுக்கு மேலிருந்து 20-வதுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கும் வேகம் ஒவ்வொரு ஐந்து நாளுக்கும் சராசரியாக 5 பெர்சன்டைலுக்குக் குறையக் கூடாது. 20-ஐ மறுபடி தாண்டினால் முடிந்தது என்று அர்த்தம். 20-க்குக் கீழே மொத்தம் 15 நாளாவது நீடித்திருக்க வேண்டும்.

பெர்சன்டைல் என்பது இங்கே வேறொன்றுமில்லை: இதே ஐந்து நாட்களில் கடந்த 30 வருட மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால் இந்த வருடம் எங்கே நிற்கிறது என்பதுதான். 30 வருடத்தில் 20-வது பெர்சன்டைல் என்றால் கிட்டத்தட்ட கீழிருந்து ஆறாவது.

மூன்று நிபந்தனைகளும் ஏன் சேர்ந்தே வர வேண்டும்? வேகத்தை மட்டும் பார்த்தால், பெருமழைக்குப் பிறகு 90-லிருந்து 45-க்கு இறங்குகிற மண்ணும் மாட்டிக்கொள்ளும். அது வறட்சியே இல்லை, ஈரமான மண் வழக்கத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். கடைசி நிலையை மட்டும் பார்த்தால் ஆறு மாதமாகக் காய்ந்துகொண்டிருக்கிற இடமும் உள்ளே வந்துவிடும். கால அளவை விட்டுவிட்டால் ஒரு வெப்ப அலையின் நான்கு நாள் தாக்கம்கூட வறட்சி என்று பதிவாகும்.

3. எங்கே, எப்போது பார்க்கக் கூடாது என்று முதலில் வெட்டுங்கள்

வருடம் முழுக்கக் காய்ந்தே கிடக்கும் நிலத்தில் மண் ஈரம் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெர்சன்டைல் எங்கேயோ போய் நிற்கும். கணக்கு திடீர் வறட்சி என்று கத்தும், நிலத்தில் எந்த மாற்றமும் இருக்காது. வருடாந்திர மழையை வருடாந்திர ஆவியாதல் தேவையால் (காற்று வாங்கிக்கொள்ளக்கூடிய நீரின் அளவு, கணக்கிடும் முறை படி 4-இல்) வகுத்து, விடை 0.2-க்குக் கீழே வருகிற இடங்களை விலக்கிவிடுங்கள்.

அதேபோல உறைபனிக் காலம். மண்ணில் நீர் உறைந்திருக்கும்போது திரவ ஈரம் குறைந்ததுபோலத் தெரியும். சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நாட்களையும் அதை ஒட்டிய வாரங்களையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் செடி வளரும் பருவத்தை மட்டும் வைத்துக்கொள்வதே சரி, ஏனென்றால் மண்ணிலிருந்து நீரை வேகமாக வெளியே இழுப்பது செடிதான்.

இந்த வெட்டுதலைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அப்புறம் உலக வரைபடத்தில் பாலைவனங்கள் எல்லாம் சிவப்பாகத் தெரியும்போது நிரலில் பிழை தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

4. மழைக்கு முன் காற்றைப் பாருங்கள்

வரிசையில் மிக முக்கியமான படி இதுவே. மழை இல்லாமல் போவது எல்லா வறட்சிக்கும் பொது. திடீர் வறட்சியை வேகப்படுத்துவது காற்றின் இழுப்பு, அதாவது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் காற்று எவ்வளவு நீரை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பது. வெப்பம், வறண்ட காற்று, மேகமில்லாத வானம், பலமான காற்று இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் இழுப்பு எகிறும்.

ஒரு கணக்கைப் பக்கத்திலிருந்து பாருங்கள். 30 டிகிரியில் காற்று முழுக்க நிறைந்தால் அதன் நீராவி அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் மிச்சம் 1.70 கிலோபாஸ்கல் காலியாக இருக்கிறது. இப்போது வெப்பநிலை 36 ஆகி ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கட்டும். நிறைவு அழுத்தம் 5.94, காலி இடம் 3.56. வெப்பநிலை ஆறு டிகிரிதான் ஏறியது, ஆனால் பற்றாக்குறை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. வெப்பநிலையை மட்டும் தனியாகப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

இதையே மண்ணின் பக்கமிருந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழமுள்ள நடுத்தர மண்ணில் செடி எடுக்கக்கூடிய நீர் சுமார் 150 மி.மீ. இருக்கும். அதில் பாதி தீர்ந்தாலே பெரும்பாலான பயிர்கள் திணற ஆரம்பிக்கும். முழுக்க நனைந்த மண், மழை கிடையாது, தினமும் 4 மி.மீ. வெளியேறுகிறது என்றால் அந்தப் பாதி தீர 19 நாள் ஆகும். தினமும் 7 மி.மீ. வெளியேறினால் 11 நாளுக்குள் தீர்ந்துவிடும். இரண்டு மழைக்கு நடுவே சாதாரணமாகத் தாங்கியிருக்க வேண்டிய இடைவெளி, இழுப்பு கூடினால் தாங்காமல் போகிறது.

இந்த இழுப்பைக் கணக்கிட ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பென்மன்-மான்டீத் முறையைப் பயன்படுத்துங்கள். வெப்பநிலையை மட்டும் கேட்கிற எளிய முறைகள் ஆசை காட்டும். காற்று வேகத்தையும் ஈரப்பதத்தையும் விட்டுவிட்டால் எதைத் தேடுகிறோமோ அதையே விட்டுவிட்டோம்.

இங்கே வழக்கமாக வரும் சில பிழைகள். இ.ஆர்.ஏ.5-லேண்ட் தரும் காற்று வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது, சூத்திரம் கேட்பது 2 மீட்டருக்கு, சுமார் 0.75-ஆல் பெருக்க வேண்டும். கதிர்வீச்சு, மழை, ஆவியாதல் எல்லாம் நாளின் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் மதிப்புகள், 24 மணிநேரத்தையும் கூட்டினால் பன்மடங்காகிவிடும். ஆவியாதல் எதிர்மறைக் குறியோடு வரும், ஏனென்றால் கீழ்நோக்கி வருவதை நேர்மறை என்று வைத்திருக்கிறார்கள். நிறைவு அழுத்தத்தைச் சராசரி வெப்பநிலையில் கணக்கிடாதீர்கள், அதிகபட்சத்திலும் குறைந்தபட்சத்திலும் தனித்தனியாகப் போட்டுப் பிறகு சராசரி எடுங்கள். வெப்பநிலையோடு நிறைவு அழுத்தம் ஏறுவது நேர்கோட்டில் இல்லை, சராசரி வெப்பநிலையில் போட்டால் இழுப்பு குறைவாகத் தெரியும். அதே தொடரில் ஆவியாதல் தேவை என்றே ஒரு மாறி தயாராகக் கிடக்கும், அதை எடுத்து மாட்டிவிடாமல் நீங்களே கணக்கிடுங்கள்.

கணக்கிட்ட பிறகு இரண்டு வாரக் கூட்டுத்தொகை எடுத்து, முந்தைய வருடங்களின் அதே இரண்டு வாரத்தோடு வரிசைப்படுத்துங்கள். மேல் 10 சதவீதத்துக்குள் போனால் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்காவில் எடி என்ற ஆவியாதல் தேவைக் குறியீடு இதே யோசனையில்தான் இயங்குகிறது. இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். மண்ணில் நீர் நிறைய இருந்தால் இழுப்பு எவ்வளவு கூடினாலும் ஒன்றும் ஆகாமல் போய்விடலாம், அதனால் பொய் எச்சரிக்கைகள் இதில் அதிகம். ஆனால் மண் இறங்கத் தொடங்கும் முன்பே குரல் கொடுப்பது இதுதான்.

5. மண் ஈரத்தைச் சரியான ஆழத்தில் எடுங்கள்

மேல்மண் ஒவ்வொரு தூறலுக்கும் குதிக்கும், ஒவ்வொரு வெயிலுக்கும் விழும். செயற்கைக்கோள் நேரடியாகப் பார்ப்பது சுமார் 5 செ.மீ. ஆழம்தான், அடர்ந்த காட்டுக்குக் கீழே அதுவும் சரியாகத் தெரியாது. செடி பிழைப்பது வேர் மண்டலத்தை வைத்து. ஆகவே தீர்மானத்துக்கு ஒரு மீட்டர் வரையிலான மண்ணை எடுங்கள், மேல்மண்ணை முன்னறிகுறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியாக இருந்தால் வேர் ஆழம் குறைவு, 30 அல்லது 40 செ.மீ. எடுத்தாலே போதும்.

இ.ஆர்.ஏ.5-லேண்டில் மண் நான்கு அடுக்கு: 0–7, 7–28, 28–100, 100–289 செ.மீ. முதல் மூன்றைச் சேர்த்தால் சரியாக ஒரு மீட்டர் வரும். சும்மா மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிச் செய்தால் 7 செ.மீ. அடுக்கும் 72 செ.மீ. அடுக்கும் சம எடை பெற்றுவிடும், மேல்மண்ணின் துள்ளல் முழுத் தொடரிலும் பரவும். 0.07, 0.21, 0.72 என்று தடிமனால் பெருக்கிக் கூட்டுங்கள். விடையை 1000-ஆல் பெருக்கினால் மி.மீ. கணக்கில் நீர் வந்துவிடும்.

அடுத்து ஐந்து நாள் சராசரி. வருடத்தில் 73 துண்டுகள். லீப் வருடத்தில் பிப்ரவரி 29-ஐப் 12-வது துண்டில் சேர்த்து அதை மட்டும் ஆறு நாளாக வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வருடத்தின் மிச்ச துண்டுகள் எல்லாம் ஒருநாள் நழுவும். தினசரியாகவே பார்த்தால் இரைச்சல் அதிகம், மாதமாகப் பார்த்தால் முழு நிகழ்வும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஐந்து நாள்.

பெர்சன்டைல் எடுக்கும்போது அதே துண்டின் 30 மதிப்புகளை மட்டும் வைத்தால் வரிசை கரடுமுரடாக இருக்கும். முந்தைய துண்டையும் பிந்தைய துண்டையும் சேர்த்து 90 மதிப்பாக்கினால் வழவழப்பாகும். பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் இது மூன்று மடங்கு தகவல் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒப்பிடும் காலத்தையும் ஒரே மாதிரி வையுங்கள். 1991–2020 என்று முடிவு செய்தால் மழைக்கும் மண்ணுக்கும் காற்றின் இழுப்புக்கும் அதேதான். ஒன்றுக்குப் பழைய காலமும் இன்னொன்றுக்குப் புதிய காலமும் எடுத்தால், வெப்பமடைதலின் போக்கு ஒன்றில் மட்டும் புகுந்து பொய்யான முரண்பாட்டைக் காட்டும்.

6. சரிவின் வேகத்தை அளவிடுங்கள்

இப்போது வரையறையைத் தொடரின் மேல் ஓட்ட வேண்டும். பழகுவதற்காக நானே எழுதிய எண்கள் இவை. ஒரு இடத்தில் அடுத்தடுத்த ஐந்து நாள் பெர்சன்டைல்கள்: 58, 52, 41, 33, 24, 17, 13, 15, 22.

40-க்கு மேல் கடைசியாக நின்றது 41. அங்கிருந்து மூன்று படியில் 17-க்கு வந்துவிட்டது. 24 பெர்சன்டைல் இறக்கம், படிக்கு 8. வேக நிபந்தனை தேறியது. 17, 13, 15 என்று மூன்று துண்டு, அதாவது 15 நாள் 20-க்குக் கீழே. அடுத்து 22, முடிந்தது. திடீர் வறட்சிதான்.

இன்னொரு இடம்: 44, 38, 37, 36, 31, 27, 23, 19. இதுவும் 40-க்கு மேலிருந்து 20-க்குக் கீழே வந்தது. ஆனால் ஏழு படியில் 25, படிக்குச் சுமார் 3.6. இது சாதாரணமாக ஊர்ந்து வருகிற வறட்சி. மோசமில்லை என்று அர்த்தமில்லை, வேறு வகை என்று அர்த்தம்.

நடுவில் ஒரு சின்ன மழை வந்து 41, 33, 35, 22, 16 என்று போனால் என்ன செய்வது? ஒவ்வொரு படியும் இறங்கியே தீர வேண்டும் என்று நிரலில் எழுதியிருந்தால் இந்த நிகழ்வு தொலைந்துபோகும். ஒரு துண்டு ஏறுவதை மன்னிக்கலாம், இரண்டாவது ஏறினால் நிறுத்திவிடலாம் என்று விதி வையுங்கள். சராசரி வேகத்தை முழு இறக்கத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் பாதி தானாகத் தீரும்.

பெர்சன்டைலோடு கூடவே மில்லிமீட்டரையும் அச்சிடுங்கள். சில பருவங்களில் வருடத்துக்கு வருடம் மண் ஈரம் அதிகம் மாறாது. அப்போது 40-க்கும் 20-க்கும் நடுவே 6 மி.மீ.கூட இருக்காது. கணக்குப்படி தேறும், செடிக்கு ஒன்றும் தெரியாது. பெர்சன்டைல் அரிதானதைச் சொல்லும், ஆபத்தானதைச் சொல்லாது. செடி எடுக்கக்கூடிய நீரில் பாதிக்குக் கீழே போனதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

7. நீர் இழப்பைப் பாருங்கள், செடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும்

மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியாகப் போவதும் சேர்ந்த உண்மையான நீர் இழப்பை, படி 4-இல் கணக்கிட்ட இழுப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். விகிதம் 1-ஐ ஒட்டி இருந்தால் காற்று கேட்கிற நீரை நிலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விகிதம் விழுந்தால் கொடுக்க முடியவில்லை.

புதியவர்களைக் குழப்புகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வெப்பத்தால் தொடங்குகிற திடீர் வறட்சியின் முதல் கட்டத்தில் உண்மையான நீர் இழப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இழுப்பு அதிகம், மண்ணில் நீரும் இருக்கிறது, செடி இலைத்துளைகளைத் திறந்து விடுகிறது. நீர் இழப்பு கூடியிருக்கிறது, ஆகவே எல்லாம் நலம் என்று முடிவு கட்டுகிறார்கள். கையிருப்பு வேகமாகக் கரைகிறது என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் மண் கைவிரித்துவிடும். இலைத்துளைகள் மூடும், நீர் இழப்பு சரியும். நீரை ஆவியாக்கச் செலவான சூரிய ஆற்றல் இப்போது காற்றைச் சூடாக்கப் போகிறது. காற்று இன்னும் வெப்பமாகி இன்னும் வறண்டு, இழுப்பு மேலும் கூடுகிறது. சரிவு தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போவது இங்கிருந்துதான். விகிதத்தின் கோட்டில் இந்தத் திருப்பம் தெளிவாகத் தெரியும், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாசன நிலங்களில் ஒரு எச்சரிக்கை. இ.ஆர்.ஏ.5-லேண்ட் மாதிரிக்குப் பாசனம் தெரியாது. மாதிரி மண் காய்ந்துவிட்டது என்று சொல்லும், செயற்கைக்கோளின் வெப்பப் படம் நிலம் குளிர்ந்து நீர் விட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். இரண்டும் அதனதன் அளவில் சரிதான். அந்த இடத்தில் மண் வறட்சி என்று எழுதாமல் பாசனத் தேவை கூடியிருக்கிறது என்று எழுதுங்கள்.

8. பச்சையைக் கடைசியில் பாருங்கள்

செடிகளின் பசுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. எல்லோருக்கும் பழக்கமானது, எளிதாகக் கிடைக்கும், வரைபடமும் அழகாக வரும். அதனாலேயே முதலில் அதைத் திறக்கிறார்கள். திடீர் வறட்சிக்கு இது தாமதமான சாட்சி. மோடிஸ் கருவியின் வழக்கமான வெளியீடு 16 நாள் தொகுப்பு. அதற்குள் மூன்று ஐந்து நாள் துண்டுகள் ஓடிவிட்டிருக்கும். இலை நிறம் மாறும் முன்பே இலைத்துளை மூடியிருக்கும். ஈரமான பகுதிகளில் மேகமில்லாத வெயிலில் முதல் சில நாட்கள் பசுமை கூடுவதும் உண்டு.

ஆகவே இதைத் தாக்கத்தை உறுதிப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். நிலப்பரப்பின் வெப்பநிலை இதைவிட முன்னாலேயே பேசும், நீர் விடாத இலை சூடாகிறது என்பதால்.

9. எதனால் வந்தது என்று பிரியுங்கள்

கண்டுபிடித்தாயிற்று. இப்போது தொடக்கத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள நான்கு வாரத்துக்கு மழை, நீர் இழப்பு, வெப்பநிலை மூன்றையும் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கூட்டுத்தொகையாக ஒரே தாளில் வரையுங்கள்.

நீர் இழப்பு முதலில் கூடி, பிறகு சரிந்திருந்தால் வெப்பம் தள்ளியது. தொடக்கத்திலிருந்தே நீர் இழப்பு வழக்கத்துக்குக் கீழே இருந்து, மழைக் குறைவு முன்னால் போயிருந்தால் மழையின்மை தள்ளியது, வெப்பம் பின்னால் வந்து சேர்ந்தது. 2022 கோடையில் யாங்சே ஆற்றுப் பகுதியில் நடந்ததில் இரண்டும் கலந்திருந்தன. வழக்கமாக வெள்ளம் வரவேண்டிய மாதங்களில் நீண்ட வெப்ப அலையும் மழையின்மையும் ஒன்றாக வந்தன, நீர்மின் உற்பத்திவரை அடி விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே காரணத்தைத் தேர்ந்தெடுக்க மல்லுக்கட்ட வேண்டாம், எந்த வாரத்தில் எது முன்னால் இருந்தது என்று எழுதினால் போதும்.

இந்தப் பிரிப்பு ஏட்டுக்காக அல்ல. வெப்பம் தள்ளுகிற வகையில் காற்றின் இழுப்பு முன்கூட்டியே எச்சரிக்கும். மழையின்மை தள்ளுகிற வகையில் அந்த எச்சரிக்கை பிந்தி வரும், அங்கே இரண்டு முதல் நான்கு வார மழை முன்னறிவிப்பை நம்பித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை எதைக் கண்காணிப்பது என்று இதை வைத்து முடிவு செய்கிறீர்கள்.

10. மண்ணில் போய்ச் சரிபாருங்கள்

முடிந்தால் ஒருமுறையாவது நேரில் பாருங்கள், முடியாவிட்டால் களத்தில் இருப்பவரிடம் சரியான கேள்வி கேளுங்கள். பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் பதில் வரும். மக்காச்சோள இலை மதியம் சுருள்கிறதா, மறுநாள் காலையிலும் சுருண்டே இருக்கிறதா என்று கேளுங்கள். மதியம் மட்டும் சுருண்டு இரவில் விரிந்தால் வேருக்கு இன்னும் நீர் கிடைக்கிறது. காலையிலும் விரியவில்லை என்றால் வேர் மண்டலம் காலி. பூக்கும் நேரத்தில் இது நடந்தால் சில நாட்களே மகசூலைத் தீர்மானித்துவிடும்.

மண்ணைத் தோண்டி 30 செ.மீ.யில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால், களிமண் கலந்த நிலத்தில் அது நல்ல சேதி இல்லை. மணல் எப்போதும் உதிரும், அதனால் மண் வகை தெரியாமல் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

கருவி பதித்திருக்கிறார்கள் என்றால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் போக்கை எடுங்கள். பதிக்கும்போது மண்ணுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டிருந்தால் அது எப்போதும் குறைவாகவே காட்டும். 9 கி.மீ. கட்டத்தின் சராசரியும் ஒரு புள்ளியின் அளவும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. இறங்கத் தொடங்கிய தேதி ஒரு வாரத்துக்குள் பொருந்தினால் திருப்தி.

11. நிகழ்ந்துகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது

மேலே சொன்ன வரையறை பழைய நிகழ்வுகளைத் தேட நன்றாக வேலை செய்யும். நேரடிக் கண்காணிப்பில் ஒரு சிக்கல்: 15 நாள் 20-க்குக் கீழே இருந்தால்தான் உறுதி என்று காத்திருந்தால், சொல்லும்போது நிகழ்வே முடிந்திருக்கலாம். தரவு வர ஆகும் சில நாள் தாமதத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அதனால் மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டு வார இழுப்பு மேல் 10 சதவீதத்துக்குள், மண் இன்னும் 40-க்கு மேல் என்றால் கவனிப்பு. மண் 40-ஐக் கடந்து படிக்கு 5-க்கு மேல் இறங்குகிறது, அடுத்த பத்து நாள் முன்னறிவிப்பில் குறிப்பிடத்தக்க மழை இல்லை என்றால் எச்சரிக்கை. 20-க்குக் கீழே போய்விட்டது, நீர் இழப்பு விகிதமும் திரும்பிவிட்டது என்றால் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் எந்த எண்ணைப் பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள், பின்னால் கணக்குப் பார்க்கும்போது எத்தனை கவனிப்பு எச்சரிக்கையாக மாறியது, எத்தனை பொய்த்தது என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

மாதாந்திர எஸ்.பி.ஐ. என்ற மழைக் குறியீட்டை இதற்கு நடுவே கொண்டு வராதீர்கள். அது மழையை மட்டும் பார்க்கிறது. அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் மாதிரி வாராந்திர வெளியீடுகள் கிடைக்கிற இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே நான்கு வாரத்தில் வறட்சியின் தீவிரம் இரண்டு வகுப்பு மோசமானால் திடீர் வறட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரைபடத்துக்கான தரவு செவ்வாய்க்கிழமை காலை மூடப்பட்டு வியாழன் வெளியாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள், புதன்கிழமை பெய்த மழை அதில் இருக்காது.

12. முடிந்தது என்று எப்போது சொல்வது

ஒரு நல்ல மழை பெய்தவுடன் வறட்சி முடிந்தது என்று அறிவிக்கத் தோன்றும். மேல்மண் நனைந்திருக்கும், 28 செ.மீ.க்குக் கீழே ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. காய்ந்து இறுகிய மண்ணில் பெருமழை பெரும்பாலும் மேலோடு ஓடிவிடும். ஒரு மீட்டர் மண்ணின் பெர்சன்டைல் 20-ஐத் தாண்டி, இரண்டு துண்டு அங்கேயே நின்றால் மட்டும் முடிந்ததாகக் குறியுங்கள். ஒரே துண்டு தாண்டிவிட்டு மறுபடி விழுந்தால் அதை இரண்டு நிகழ்வாக எண்ணாமல் ஒன்றாகவே சேருங்கள், இந்த விதியைப் படி 2-இல் எழுதிய வரையறைக்குப் பக்கத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

மண் மீண்டாலும் பயிர் மீண்டது என்று பொருளில்லை. பூ உதிர்ந்த பிறகு வருகிற மழை மண் ஈரக் கோட்டை நிமிர்த்தும், காய் பிடிக்க வைக்காது. அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனி வரி கொடுங்கள்.